மாமா, அந்த ரெக்கார்ட் பெட்டிய எடைக்குப் போட்டுடாதீங்க

அன்புள்ள மாமாவுக்கு,

பரண் மேல இருக்கிற எல்.பி. ரெக்கார்டையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குக் குடுக்கப் போறீங்கன்னு அத்தை போன்ல சொன்னாங்க. பிளேயர் ஓடல, பாட்டெல்லாம் போன்லயே வந்துடுச்சு, சரிதான். ஆனா கவரு? 12 இன்ச் சதுரத்துக்குன்னு யோசிச்சு செஞ்சத நகத்தளவுல பாத்தா என்ன தெரியும் மாமா?

ரெக்கார்ட் கவர்ல படம் போடறது, 1940ல கொலம்பியாங்கிற ரெக்கார்ட் கம்பெனில அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்ச வேல, அதுவரைக்கும் பெரும்பாலும் வெறும் அட்டை உறைதான். 1967ல பீட்டில்ஸோட சார்ஜண்ட் பெப்பர் ஆல்பத்து கவர் வந்துச்சே, அது நம்ம ஊர் கட்-அவுட் வேலையேதான், பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த்னு ரெண்டு ஆர்ட்டிஸ்ட் சேர்ந்து போட்டோக்கள ஆளுயரத்துக்குப் பெருசாக்கி, அட்டைல ஒட்டி வெட்டி, கூட்டமா நிக்க வச்சு எடுத்தது. உள்ள வெட்டிக்க மீசை, பேட்ஜெல்லாம் அச்சடிச்ச அட்டை வேற குடுத்தாங்க.

நான் இப்ப ஜாய் டிவிஷன்ங்கிற இங்கிலாந்து பேண்டோட 1979 ஆல்பத்து கவர பேப்பர வெட்டி ஒட்டி செஞ்சுட்டு இருக்கேன். கருப்புல வெள்ளை வெள்ளையா மலை மாதிரி கோடு போகும், அது மலை இல்ல, 1967ல கண்டுபிடிச்ச முதல் பல்சார் நட்சத்திரத்தோட ரேடியோ துடிப்பு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கின கிராஃப். கவர் டிசைன் பண்ண பீட்டர் சாவில் அத கருப்பு-வெள்ளைய மாத்திப் போட்டாரு. பேப்பருக்குன்னே பொறந்த டிசைன் மாமா. ஒவ்வொரு வரியையும் கருப்புல வெட்டி, பின்னாடி அதே வடிவத்துல வெள்ளைய ஒரு நூலளவு தூக்கி ஒட்டி, நடுவுல ஃபோம் டேப் வச்சு அடுக்கினா, முன்னாடி மேடு பின்னாடி கோட்ட மறைக்கும், கிராஃப்ல இருக்கிற மாதிரியே. இங்க புதுச்சேரி ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர் பருத்தித் துணிலேர்ந்து செய்யறது, தொட்டாலே சுகம், ஆனா நுணுக்கமா வெட்டுறப்ப பிளேடு முனை நார்ல மாட்டி ஓரம் பிசிறடிக்கும், அதனால அத அடில மட்டும் போடறேன். கடக்காத்துக்கு பேப்பர் வேற நெளியுது, ஃபேன நிறுத்திட்டு உக்காந்து ஒட்டணும்.

அடுத்து உங்க பெட்டில இருக்கிற தமிழ்ப் பட கவருங்கதான். அந்த டைட்டில் எழுத்தெல்லாம் கையால வரைஞ்சது, எந்த ஃபான்ட்லயும் வராது. தமிழ் எழுத்த பேப்பர்ல குடைஞ்சு எடுக்கறது தனி கஷ்டம், சுழிக்குள்ள இருக்கிற துண்டு பொத்துன்னு விழுந்துடும், மெல்லிசா ஒரு பாலம் விடணும், எழுத்தும் கெடக்கூடாது. அந்தக் காலத்து ஆர்ட்டிஸ்ட் எங்க வளைச்சாருன்னு பக்கத்துல வச்சுப் பாத்தாதான் அந்தப் பாலத்த எங்க விடலாம்னு புரியும். ஒரு கவர்லயும் கத்திரி படாது, டிரேஸ் மட்டும்தான் எடுப்பேன், சத்தியமா.

வர்ற ஞாயித்துக்கிழமை கடலூர் பஸ் ஏறிடறேன். அதுவரைக்கும் படுக்கப் போட்டு அடுக்காதீங்க, நிக்க வச்சு வைங்க, இல்லன்னா தட்டு வளைஞ்சுடும். பேப்பர்காரர் என்ன வெல சொன்னாரோ அத நானே தந்துடறேன்.

அன்புடன்,
உங்க மருமக, புதுச்சேரி