ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலையையும் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோடு கமிஷனைக் கலைத்துவிட்டு, அதன் அதிகாரத்தை மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுண்டி கமிஷனர்கள் வாரியத்திடமே கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எங்கள் கவுண்டியிலும் எழுந்திருக்கிறது. கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன்.

போன மார்ச்சில் பனி உருகியதும் எங்கள் தெருமுனையில் ஒரு குழி விழுந்தது. தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது முன்சக்கரம் அதில் இறங்கி, ரிம் வளைந்து, டயரும் போனது. டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் உள்ளூர் நிர்வாகம்) அலுவலகத்துக்குப் போன் செய்தால், சாலை எங்களுடையது இல்லை என்றார்கள். அது உண்மைதான். 1931-ல் வந்த மெக்நிட் சட்டம் டவுன்ஷிப் சாலைகளைக் கவுண்டி ரோடு கமிஷன்களின் கைக்கு மாற்றிவிட்டது. சரி என்று, தேர்தலின்போது வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்ட கவுண்டி கமிஷனரைக் கூப்பிட்டேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். ரோடு கமிஷன் தனி அமைப்பு, உறுப்பினர்களை நியமிப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது என்றார். ரோடு கமிஷனுக்கு எழுதிய புகாரோ கிணற்றில் போட்ட கல். மூன்று வாரம் கழித்து லாரியில் இரண்டு பேர் வந்து, தார்க்கலவையை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு, நாலு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அது கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஓரத்தில் கிடந்தது.

அந்த இரண்டு பேர் மேல் எனக்குக் கோபமில்லை. யாரைக் கேட்பது என்பதே தெரியாமல் இருப்பதுதான் கோபம். கமிஷனர் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு விதமானவர்கள். கவுண்டி கமிஷனரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். 2024 தேர்தலிலிருந்து அவருக்கு நான்காண்டுப் பதவி. எங்கள் கவுண்டியின் ரோடு கமிஷனர்கள் நியமிக்கப்படுகிறவர்கள், ஆறாண்டுக்கு. அவர்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இதற்கு வழியை மாநிலச் சட்டமே காட்டியிருக்கிறது. ரிக் ஸ்னைடர் ஆளுநராக இருந்தபோது, 2012-ல் வந்த 14, 15-ஆம் எண் சட்டங்கள், மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்தி, தீர்மானம் போட்டு வாரியமே பொறுப்பை எடுத்துக்கொள்ள வழி செய்தன. ரோடு கமிஷனர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருந்தால் வாக்காளர்களும் சம்மதிக்க வேண்டும் என்றன. லான்சிங் நகரம் இருக்கும் இங்ஹாம் கவுண்டி அந்த ஆண்டே எடுத்துக்கொண்டது, கல்ஹூனும் அப்படியே.

சாலையில் அரசியல் புகுந்துவிடும், பணம் வேறு செலவுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைப் பொறுத்தவரை, பெட்ரோல் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் போக்குவரத்துக்கே என்று மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அரசியல் பற்றிய பயத்தை நான் ஒதுக்கவில்லை. தனி அமைப்பாக இருந்த ரோடு கமிஷன்கள் சாதித்ததும் உண்டு. 1909-ல் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஒரு மைல் கான்கிரீட் சாலை போட்டது வேய்ன் கவுண்டி ரோடு கமிஷன்தான். அப்புறம், சாலை நடுவே கோடு போடும் யோசனையை 1911-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த எட்வர்ட் ஹைன்ஸும் அங்கே ரோடு கமிஷனராக இருந்தவர்தான். இன்றும் இரவில் பனி கொட்டும்போது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அதே வேய்ன் கவுண்டி 1980-களிலேயே ரோடு கமிஷனைக் கவுண்டி நிர்வாகத்தோடு சேர்த்துவிட்டதே!

பொறியாளர்களும், பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களும் அப்படியே தொடர வேண்டும். எந்தச் சாலையை முதலில் போடுவது என்ற பட்டியலைப் பொறியாளர்தான் தயாரிக்க வேண்டும். அதை மாற்றினால் எதற்காக என்று வாரியம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி வந்ததும் நான் போகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் வர வேண்டும். கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், குழியைப் பற்றிப் பேசாதவர்கள் யாருமே இல்லை. அதையே அங்கே வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மிச்சிகன்