நாலேகாலோடு எனக்கு ஒரு வழக்கு

அன்புள்ள பாப்பா,

மல்யுத்தச் சண்டைகளுக்கு நட்சத்திர மார்க் போட்டு நீ அனுப்பின பட்டியல் வந்து சேர்ந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்துவிட்டேன். முதல் இடத்தில் 2018 ஒசாகா, கென்னி ஒமேகா - கசுசிகா ஒகாடா. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பிரெட் ஹார்ட் - ஸ்டீவ் ஆஸ்டின் சண்டைக்கு நாலேகால் போட்டிருக்கிறாயே, அதைச் சும்மா விட மனசு வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும். உட்கார்ந்து எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும்.

நீ எழுதியிருக்கும் காரணம் இது: "ஆஸ்டின் குத்துகிறார், உதைக்கிறார், அவ்வளவுதான். மூவ்ஸ் குறைவு." மூவ்ஸை, அதாவது போடுகிற பிடிகளையும் வீச்சுகளையும், எண்ணினால் நீ சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்று பார்.

1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி. சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட் ஹொரைசன் அரங்கம். சப்மிஷன் மேட்ச், எதிராளியின் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைக்கிற 'பின்' கிடையாது. ஒருத்தர் வாயைத் திறந்து "போதும்" என்று சொன்னால்தான் முடியும். பிடி போட்டு எதிராளியை அடங்க வைப்பதில் பிரெட் கைதேர்ந்தவர். ஆஸ்டினிடம் அப்படி ஒரு பிடியே இல்லை. அப்படிப்பட்டவர் என்ன செய்வார்? குத்துவார், உதைப்பார், கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போவார், கையில் கிடைத்ததை எடுப்பார். நீ குறை என்று கழித்ததுதான் அந்த ஆளின் நிலைமை. பிரெட் பொறுமையாக முழங்காலைக் குறிவைக்கிறார். ரிங் கம்பத்தைச் சுற்றிக் காலைப் பூட்டுகிறார், நாற்காலியால் அடிக்கிறார். ஒவ்வொரு அடியும் கடைசியில் வரப்போகிற ஷார்ப்ஷூட்டருக்காக, அவருடைய கால் பூட்டுப் பிடிக்காகச், சேர்த்து வைக்கிற அடி.

அந்த ஷார்ப்ஷூட்டரை மட்டும் மறுபடி ஒருமுறை பார், பாப்பா. ஆஸ்டின் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்கும் பல்லுக்கும் வழிகிறது. கேமரா கிட்டே போகிறது. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குகிறார். பிடி கிட்டத்தட்ட விட்டுப்போகிற மாதிரி ஒரு கணம் வருகிறது, அரங்கமே எழுந்துவிடுகிறது. பிரெட் திரும்ப உட்கார்ந்து இறுக்குகிறார். ஆஸ்டின் கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நினைவு தப்பிப்போகிறார். நடுவராக நின்ற கென் ஷாம்ராக் மணியடிக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகும் பிரெட் விடாமல் அடிக்கிறார், ஷாம்ராக் தூக்கி எறிந்து விலக்க வேண்டியிருக்கிறது. ஜெயித்தவர் போகும்போது கூச்சல், எதிர்ப்பு. தோற்றவர் யார் தோளையும் பிடிக்காமல் தானே நொண்டிக்கொண்டு நடக்கிறார், அரங்கம் முழுக்க அவர் பெயர். சுமார் 22 நிமிடம், பாப்பா. ஹீரோ வில்லனாகிவிட்டார், வில்லன் ஹீரோவாகிவிட்டார். ஒரே சண்டையில் இரண்டு பேரும் இடம் மாறி, அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள் என்றால் அதைவிடக் கஷ்டமான மூவ் எது?

அதனால் ஐந்து. கால் கூடக் குறையாது.

இன்னொன்றும் கவனித்தேன். நீ போட்டிருக்கும் கணக்கில் "தவறு" என்று ஒரு பத்தி வைத்து, கால் வழுக்கினால் கால் நட்சத்திரம், பிடி நழுவினால் கால் நட்சத்திரம் என்று கழிக்கிறாய். ஆனால் 2011 ஜூலை 17, சி.எம். பங்க் - ஜான் சீனாவுக்கு முழு ஐந்து! அதில் இரண்டு பேரும் தடுமாறுகிற இடங்கள் பளிச்சென்று தெரியும். அங்கே ஏன் கழிக்கவில்லை? நானே சொல்கிறேன். சிகாகோ பங்கின் சொந்த ஊர். ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது, சாம்பியன் பெல்ட்டை ஜெயித்து அதை எடுத்துக்கொண்டு கம்பெனியை விட்டே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். சீனா தொட்டாலே கூட்டம் கத்துகிறது. அந்த நெருப்பில் ஒரு பிடி நழுவினது யாருக்கு உறைத்தது? உனக்கும் உறைக்கவில்லை, அதனால்தான் கழிக்கவில்லை. உன் மனசு சரியாகத்தான் மார்க் போடுகிறது, உன் பத்திதான் தப்பாக இருக்கிறது. ஒரு விஷயம் உனக்குத் தெரியுமா? அதுவும் இந்த பிரெட் - ஆஸ்டின் நடந்த அதே கட்டடம்தான். நடுவில் ஆல்ஸ்டேட் அரீனா என்று பெயர் மாறியிருந்தது. மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் டபிள்யூ.டபிள்யூ.ஈ. சண்டை ஒன்றுக்கு 1997-க்குப் பிறகு முதல் தடவையாக ஐந்து கொடுத்தது அன்றைக்குத்தான்.

மெல்ட்சர் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். உன் பட்டியலில் முக்கால்வாசி எண்கள் அவருடையவை. இது எனக்கு வருத்தம். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. மல்யுத்தத்தைப் பற்றிச் செய்திமடல் நடத்தி, அதை எழுதத் தகுந்த ஒரு விஷயமாக்கியவர். நட்சத்திரம் போடும் பழக்கத்தை ஆரம்பித்தது ஜிம் கோர்னெட்டும் அவர் நண்பர் நார்ம் டூலியும். அதை எடுத்து உலகம் முழுக்கப் பரப்பியவர் மெல்ட்சர். ஆனால் அவர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டையைப் பார்த்தால், நீ சண்டையையா பார்க்கிறாய்? எங்கே அந்த ஐந்து, எங்கே அந்த ஆறு என்று தேடிக்கொண்டுதான் இருப்பாய். முதலில் பார். மணி அடித்ததும் உன் எண்ணை எழுது, பக்கத்திலேயே ஒரு வரி காரணம் எழுது. அதற்கப்புறம் யார் எண்ணை வேண்டுமானாலும் படி.

ஒமேகா - ஒகாடாவையே எடுத்துக்கொள். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம். மெல்ட்சர் ஐந்தைத் தாண்டி ஆறு கொடுத்தார். ஜூனில் அறுபது நிமிடம் சமனில் முடிந்ததற்கு ஆறேகால். 2018 ஜூன் 9-க்கு ஏழு. நீயும் ஏழு என்றே எழுதி, "மூவ்ஸ் வேற லெவல்" என்று காரணம் போட்டிருக்கிறாய். எண்ணோடு எனக்குச் சண்டையில்லை, காரணத்தோடுதான். ஒமேகாவின் ஃபினிஷர், அதாவது சண்டையை முடிக்கிற மூவ், ஒன்-விங்ட் ஏஞ்சல். ஜனவரி சண்டையில் நாற்பத்தாறு நிமிடமும் அதை ஒகாடா வாங்கவே இல்லை. எப்படியாவது தப்பித்துக்கொண்டே இருந்தார். ஜூனில் ஒருவழியாக விழுந்தது, ஆனால் ஒகாடாவின் கால் கயிற்றில் இருந்ததால் பின் செல்லவில்லை. ஆகஸ்டில் அதே மூவில் ஒமேகா ஜெயித்தார், ஆனால் அன்றைக்குப் பெல்ட் பணயத்தில் இல்லை. ஒகாடா அந்தப் பெல்ட்டை 720 நாள் கையில் வைத்திருந்தார். அத்தனை தடுப்பு, அத்தனை காத்திருப்புக்குப் பிறகு ஒசாகாவில் மூன்றாவது ஃபாலில், அதாவது கடைசிச் சுற்றில், அந்த மூவ் விழுந்து, நடுவர் கை மூன்றாவது தடவை தரையைத் தொட்டது. ஒன்றரை வருடம் போலப் பூட்டி வைத்த கதவு திறந்தது. ஜனவரி சண்டையைப் பார்க்காமல் ஒசாகாவை மட்டும் பார்க்கிறவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

உன் அண்ணன் வழக்கம்போலக் கேட்பான், "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினதுதானே, இதில் மார்க் போட என்ன இருக்கு?" அவனுக்குப் பொறுமையாகவே சொல். முடிவு பண்ணினதால்தான் மார்க் போட முடிகிறது. நிஜச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதே பதில். இங்கே யார் ஜெயிப்பார் என்பதை இரண்டு பேரும் அறிந்து, நம்மை அங்கே எப்படிக் கூட்டிப்போனார்கள் என்பதுதான் கேள்வி. நீ சின்ன வயதில் முடிவு தெரிந்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுவாய், ஆனால் நான் ஒரு இடத்தை அவசரமாகத் தாண்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவாய். அதே காதுதான் இதற்கும் வேண்டும்.

உதாரணத்துக்கு ராண்டி சாவேஜ் - ரிக்கி ஸ்டீம்போட், 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3. பதினைந்து நிமிடம்கூட இல்லை. சாவேஜ் அதை முதலிலிருந்து கடைசிவரை எழுதி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் வரிசை போட்டு, ஸ்டீம்போட்டை மனப்பாடம் செய்ய வைத்தார். சில பேர் அதையே குற்றமாகச் சொல்கிறார்கள், ரிங்குக்குள்ளே யோசித்துச் செய்வதுதான் கலை என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையில் சாவேஜ் ரிங் மணியால் தொண்டையை நசுக்கியதால் வெளியே இருந்தவர் ஸ்டீம்போட். அன்றைக்கும் சாவேஜ் அதே மணியைத்தான் தேடிப் போகிறார். ஒத்திகை பார்த்தார்களா இல்லையா என்பது அந்த நேரத்தில் தோன்றவே தோன்றாது.

அதே மேடையில், அதே நாளில், ஹல்க் ஹோகன் - ஆந்த்ரே தி ஜெயன்ட். மெல்ட்சர் மைனஸ் நான்கு போட்டார். உன் பட்டியலில் அது இல்லவே இல்லை. போட்டிருக்க வேண்டும். ஆந்த்ரேவுக்கு உடம்பு சரியில்லை, முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார், நடப்பதே பாடு. மூவ்ஸ் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அந்த எண் சரியா என்பதே இன்னொரு தீராத வழக்கு. எத்தனை பேராக இருந்தாலும் அவர்கள் எதற்கு வந்தார்கள்? அந்த மலையை ஹோகன் தூக்குவாரா என்று பார்க்க. தூக்கினார். என் நோட்டில் அதற்கு மூன்று. மைனஸ் நான்கும் சண்டையை மட்டும் பார்த்தால் புரியக்கூடிய எண்தான். ஆனால் தன் வலியோடு வந்து, தன் இடத்தைத் தலைவணங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு மனுஷனை மைனஸில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

இனி சொல்லப்போவதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். மிசாவா - கவாடா, 1994 ஜூன் 3, டோக்கியோ புடோக்கான். நீ ஐந்து போட்டது சரி. ஆனால் பக்கத்தில் "தலை தரையில் மோதுகிற மூவ்ஸுக்கு எக்ஸ்ட்ரா அரை" என்று எழுதியிருக்கிறாய். அந்த அரையை எடுத்துவிடு, பாப்பா. தலையும் கழுத்தும் தரையில் மோத இறக்குகிற டைகர் டிரைவர் '91 விழுகிற இடத்தில் எனக்கும் மூச்சு நின்றது, மறுக்கவில்லை. அது முப்பத்தைந்து நிமிடத்துக் கதை போய்ச் சேர்ந்த இடம் என்பதால் நின்றது, தலை மோதியதால் இல்லை. 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில் பின்னாலிருந்து தூக்கிப் போடுகிற ஒரு சாதாரண பேக் சூப்ளெக்ஸ் வாங்கிவிட்டு மிட்சுஹாரு மிசாவா எழுந்திருக்கவில்லை. வயது 46. வருடக்கணக்காகக் கழுத்து வாங்கிய அடிகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆஸ்டினும் 1997 ஆகஸ்டில் தலைகீழாகத் தரையில் இறக்குகிற ஒரு பைல்டிரைவரில் கழுத்து அடிபட்டவர்தான். ரசிகர்கள் எதற்கு அதிக மார்க் போடுகிறோமோ அதைத்தான் அடுத்த தலைமுறைப் பையன்களும் பெண்களும் செய்து காட்டப் பார்ப்பார்கள். நாம் எழுதும் எண் நம் நோட்டோடு நிற்பதில்லை. வலியை நடிப்பால் நம்ப வைக்கிறவர்களுக்குத்தான் என் மார்க். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஓட வேண்டிய இடத்தில் ஓட முடியாமல் பாதியில் விழுகிறார் பார், அவருக்கு அந்த அரையைக் கொடு.

உன் சிநேகிதியோடு கால் நட்சத்திரத்துக்காக இரண்டு வாரமாகப் பேச்சில்லை என்று அம்மா சொன்னாள். ஷான் மைக்கேல்ஸ் - அண்டர்டேக்கர், 2009 ஹூஸ்டன், உனக்கு ஐந்து, அவளுக்கு நாலேமுக்கால். வாதாடு, விட்டுக்கொடுக்காதே, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி பார்த்துவிட்டு வாதாடுங்கள். அண்டர்டேக்கரின் ஃபினிஷரான டூம்ஸ்டோனிலிருந்து மைக்கேல்ஸ் கிக் அவுட் ஆகும்போது, அதாவது மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்கும்போது, அண்டர்டேக்கர் முகத்தை நிறுத்திக் காட்டு. பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. ரிக் ஃப்ளேர் - ஸ்டீம்போட், 1989-இல் மூன்று சண்டை: பிப்ரவரி 20 சிகாகோ, ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸ், மே 7 நாஷ்வில். மெல்ட்சர் மூன்றுக்கும் ஐந்து கொடுத்தார், அதனால் அவர் எண் உனக்கு உதவாது. மூன்றையும் வரிசையாகப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று காரணத்தோடு எழுது. அம்மா சிகாகோ என்கிறாள், ஸ்டீம்போட் பெல்ட்டை வாங்குகிற சந்தோஷத்துக்காக. நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போது எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் நீ சொல்.

அன்புடன்,
அப்பா