சீலிங்குக்குள் மரநாய்

மகன்,

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லண்டன் வீட்டு நம்பருக்கு எடுத்தேன். மருமகள்தான் பேசினாள், நீ இல்லை என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. நைட் டியூட்டியாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாட்டை விடாதே.

இங்கே பெரிய செய்தி மரநாய். நீ காசு அனுப்பிப் போட்ட சீலிங்குக்குள்தான் குடிவந்தது. களுவாஞ்சிக்குடியில் இப்படி ஒரு சீலிங் யார் வீட்டில் இருக்கிறது, வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். அதில் இப்போது மூத்திரக் கறை. இரவு பத்து மணிக்குப் பிறகு தடதட என்று ஓட்டம், விடிந்தால் வாசலில் பப்பாசி விதையோடு எச்சம். பக்கத்து வீட்டார் பழத்துக்குள் மருந்து வைக்கச் சொன்னார்கள். எலிக்கு வைத்த மருந்தில் தங்கள் பூனை செத்தது அவர்களுக்கு மறந்துவிட்டது போல.

வெல்டிங் கடையில் மூன்றடிக் கம்பிக்கூடு ஒன்று செய்வித்தேன். கூடு ஆடினால் அது உள்ளே கால் வைக்காது, பலகையில் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று இரவு கதவைத் திறந்தபடி கட்டி, சும்மா கதலிப்பழம் வைத்தேன், தின்று பழகட்டும் என்று. நாலாம் இரவு மிதிதட்டுக்கு அங்கால் பழத்தை வைத்துக் கதவைக் கொளுவினேன். விடிய நாலு மணிக்கு டப் என்றது. சாக்கால் மூடினால் அடங்கிவிடும். கை மட்டும் வைக்கக் கூடாது, கடித்தால் விசர் ஊசிக்கு ஓட வேண்டும். நீயும் உன் வீட்டுப் பின்பக்கம் வருகிற நரிகளுக்குக் கிட்டப் போகாதே. சாப்பாட்டையும் விடாதே.

பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால் கொண்டுபோய் விடுவதாகத்தான் இருந்தேன். சாக்கைக் கொஞ்சம் தூக்கி டோர்ச் அடித்தால், பால் கட்டிய முலை. மேலே சீலிங்குக்குள் கீச்சு கீச்சு. தாயைக் கொண்டுபோயிருந்தால் குட்டிகள் அங்கேயே காய்ந்து செத்திருக்கும். இருட்டோடு இருட்டாகக் கதவைத் திறந்துவிட்டேன், மாமரத்தால் ஏறி நேரே அதுகளிடம் போனது. அடுத்த இரவு கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், பிடரியைக் கவ்விக் கவ்வி மூன்று குட்டியையும் மதில் மேலால் கொண்டுபோனது. ஓட்டையடியில் கோதுமை மா தூவி, இரண்டு இரவு கால்தடம் இல்லை என்று கண்ட பிறகுதான் தகரம் அடித்தேன். கூரையில் முட்டிய மாங்கொப்பையும் தறித்தாயிற்று.

உனக்கு எட்டு வயதில் ஒன்று பிடித்தோமே. எங்கேயப்பா விட்டீர்கள் என்று கேட்டாய், பாலத்துக்கு அங்கால் என்றேன். பொய் மகன். கூட்டோடு கிணற்றடித் தொட்டிக்குள் இறக்கினேன். சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு பாலத்தால் போகும்போதெல்லாம் நீ எட்டிப் பார்ப்பாய், நானும் அந்தப் பற்றைதான் என்று கை காட்டுவேன். போன வருடம், அங்கே சாம்பல் அணிலைப் பிடித்தால் திரும்ப வெளியே விடுவது குற்றமாம், அதனால் பொறியே வைக்கவில்லை என்று நீ சொன்னாய். நான் உடனே வயல் கதைக்கு மாறினேன், அதுதான் காரணம். நீ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னை ஏச எனக்கு வாயில்லை. ஆனால் இரண்டு மாதம் ஒரு சொல்லும் இல்லாமல் இருப்பது சரியா?

நாங்கள் சுகம். எலிக்காய்ச்சல் குளிசை கிழமைக்கு இரண்டு விழுங்கிவிட்டுத்தான் வயலுக்கு இறங்குகிறேன், அம்மாவிடம் கேட்டுப் பார்.

அரிசிமா வறுத்து, கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள். பார்சலை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று மட்டும் எழுது.

அப்பா