பெயர் போடாத நன்றி மடல்

வணக்கம். இந்த மடலில் ஒருவர் பெயரும் இருக்காது. ஊர், கோர்ட், வழக்கு எண் எதுவும் இருக்காது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு பக்கம், 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய எந்தத் தகவலும் வெளியே வரக்கூடாது. உங்கள் பெயரைப் போட்டால் கோர்ட் தெரியும், கோர்ட் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் எங்கள் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். அதனால் யாருக்குச் சொல்கிறேன் என்பது உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதும்.

நான் அவளுடைய சித்தி. அவளுக்கு அப்போது பதினாறு வயது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போனவன் அவளை எங்கே கொண்டுபோய் விட்டான், அங்கே என்ன நடந்தது என்பதை எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அவளே சொல்லிவிட்டாள்.

முதலில் போன காவல் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம், போக்சோ புகாரைப் பதியாமல் விட்டால் அதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு என்பதெல்லாம் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. சரி, அவர்களுக்கு நன்றி கிடையாது.

எஸ்.ஐ. மேடம், நீங்கள் சுடிதாரில் வந்தீர்கள். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கே வந்து வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். ஆனால் ஜீப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அது உங்களுக்கே தோன்றியது. பக்கத்து வீட்டம்மா இன்றுவரை உங்களை என்னுடைய பழைய தோழி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் பாயில் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் மேலயும் கேஸ் இருக்கா மேடம்?" என்பது. எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உன் மேல எதுக்கும்மா கேஸ்? நீ சாட்சி. கேஸே உன்னை வச்சுத்தான் நிக்கப்போகுது" என்றீர்கள். அன்றைக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் நீங்கள் எதுவும் எழுதவே இல்லை, மறுநாள் வந்துதான் எழுதினீர்கள்.

டாக்டரம்மா, ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்னாலும் இப்போது என்ன செய்யப்போகிறேன், சரியா என்று கேட்டீர்கள். ஒரு இடத்தில் அவள் வேண்டாம் என்றபோது நிறுத்திவிட்டு, "வேண்டாம்னா வேண்டாம், அதையும் எழுதிக்கிறேன்" என்றீர்கள். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் அந்த இரு விரல் பரிசோதனை தவறு என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லி, 2022-ல் இனி அதைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார்கள் என்றும் சொல்லியிருப்பதைப் படித்திருந்தேன். படித்திருந்தும் உள்ளே போகும்போது கை நடுங்கியது. நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னையும் உட்காரவைத்தீர்கள்.

அடுத்து, குழந்தைகள் நலக் குழு எங்களுக்குப் போட்டுக் கொடுத்த ஆதரவு நபர். இப்படி ஒருவர் போக்சோ வழக்கில் குழந்தையுடன் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வரலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது, தெரியாதவர்களுக்காகத்தான் இதை விரித்து எழுதுகிறேன். கேட்டு வாங்குங்கள். அக்கா, அவள் "நானேதானே பஸ் ஏறிப் போனேன், யாரும் இழுத்துட்டுப் போகலையே" என்று மாதக்கணக்கில் தன்னையே குத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் "விடும்மா, மறந்துடு" என்றோம். நீங்கள் மட்டும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவை எடுத்து வந்து, ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று அதில் இருக்கும் வரியைக் காட்டி அவளையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னீர்கள். (இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-வது பிரிவு.) இரண்டு முறை வாசித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்கலாம் என்று மனு எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். விசாரணைக்கு முதல் நாள் காலியான கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் நீதிபதி எங்கே உட்காருவார், நீ எங்கே, அவன் எங்கே, உன்னை அவனால் பார்க்க முடியுமா என்று நின்று காட்டினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அரசு வக்கீல் ஐயா, உங்களிடம் எனக்கு வருத்தமும் உண்டு. வழக்கைக் கோர்ட் கையில் எடுத்த 30 நாளில் குழந்தையின் சாட்சியம் முடிய வேண்டும், ஒரு வருடத்துக்குள் முடிந்தவரை வழக்கே முடிய வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்குச் சாட்சியத்துக்கே பதினான்கு மாதம் ஆனது. ஆனால் வாய்தா விழப்போவது தெரிந்தால் முந்தின நாள் ராத்திரியே கூப்பிட்டு "நாளைக்கு ஜட்ஜ் லீவு, பாப்பாவை அலைக்கழிக்காதீங்க" என்று சொல்லிவிடுவீர்கள். அப்படி ஐந்து முறை. ஒவ்வொரு சம்மனுக்கும் அவள் இரண்டு நாள் முன்னாலிருந்தே சாப்பிட மாட்டாள், அதனால் அந்த ஐந்து போன்களின் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

நீதிபதி அம்மா, கோர்ட்டில் நடந்ததை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சாட்சிக் கூண்டு இல்லை. தனி அறை, ஒரு மேஜை, திரை, அந்தப் பக்கம் அவன். குற்றம்சாட்டப்பட்டவர் சாட்சியின் கண்ணில் படாதபடி திரை வைக்கலாம், குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகக் கேட்கலாம் என்று 2004-ல் சாக்‌ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும் என்பதை 2012-ல் போக்சோ சட்டமே கட்டாயமாக்கியது. 2022-ல் இப்படிச் சாட்சி சொல்லும் மையங்களை மாவட்டந்தோறும் அமைக்க உத்தரவும் வந்தது. காகிதத்தில் இதையெல்லாம் படித்தபோது, கேள்வியை இன்னொருவர் வாயால் கேட்டால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது: "கையில் போன் இருந்தும் ஏன் யாரையும் கூப்பிடவில்லை?" கேள்வி காதில் விழுந்ததுமே அவள் தலை குனிந்துவிட்டது. நீங்கள் சற்று நேரம் அவளையே பார்த்திருந்துவிட்டு, "போன் உன்கிட்ட எப்பெப்ப இருக்கும்மா?" என்று மாற்றிக் கேட்டீர்கள். "அவர் பக்கத்துல நின்னாதான் குடுப்பாரு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்" என்றாள். அது போலீஸ் வாக்குமூலத்திலும் இல்லை, மாஜிஸ்திரேட்டிடம் 164-வது பிரிவின்படி கொடுத்த வாக்குமூலத்திலும் இல்லை, எங்களிடமும் அவள் சொன்னதில்லை, யாரும் அதை அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. டைப்பிஸ்ட் அதை "கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை இருந்தது" என்று அடித்தபோது, "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே போடுங்க" என்றீர்கள். அப்புறம் இடைவேளை விட்டீர்கள், தண்ணீர் வந்தது.

வக்கீல் ஐயா, திரைக்கு அந்தப் பக்கம் நின்ற உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் நீங்கள் குரலை உயர்த்தவும் இல்லை, அவளுடைய நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உங்கள் வேலையை நீங்கள் செய்தீர்கள். அவ்வளவு எழுதிவிடுகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவனுக்குத் தண்டனை, இன்னொருவன் விடுதலை, அதன் மேல் அப்பீல் போகிறது. அதைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை.

கடைசியாக டவாலி அண்ணன். மற்ற வழக்குகளுக்கெல்லாம் வராண்டா அதிரும்படி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடும் நீங்கள், எங்கள் முறை வந்தபோது பக்கத்தில் வந்து குனிந்து, "வாம்மா, உள்ளே போலாம்" என்று மட்டும் சொன்னீர்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நீங்களாகவே செய்தீர்களோ தெரியாது. சாட்சி முடிந்து வெளியே வந்தால் மழை, முன்வாசலில் அவன் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பின்படிக்கட்டு வழியாக இறக்கி உங்கள் குடையைக் கொடுத்து ஆட்டோ வரைக்கும் கூடவே நனைந்துகொண்டு வந்தீர்கள். தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று குடையையும் எடுத்து வந்தேன், நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். குடை இங்கேதான் இருக்கிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது, அது முதலிலேயே வளைந்துதான் இருந்தது என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.