ஊருக்காகப் போட்ட ஊசி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு விஷயம் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஃப்ளூ ஊசிக்குப் பின் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்து படுத்த உன் தங்கை வீட்டுக்காரர், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார் என்று படித்தபோது அவ்வளவு நிம்மதி.

இங்கே எல்லோரும் நலம். போன மாதம் பேத்திக்குத் தட்டம்மை ஊசி போட்டோம். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவர் நினைவு வந்தது. ஆனாலும் ஊசி வேண்டாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

நஷ்டஈடு கேட்டால் தடுப்பூசிக்கு எதிரி என்று பேசுவார்களோ எனத் தங்கை தயங்குவதாக எழுதியிருந்தாய். தயங்கவே வேண்டாம். ஃப்ளூ ஊசிக்குப் பின் கில்லன்-பாரே வருவது பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான். மற்றவர்களில் பலர் நோயிலிருந்து தப்பிக்கிறார்கள். அந்த ஓரிருவரை மட்டும் தனியே தவிக்க விடுவது என்ன நியாயம்? பெரியம்மை ஊசி கட்டாயமாக இருந்த காலத்தில், 1953இல், ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பொதுநலனுக்காக ஒருவர் உடலால் இழந்ததை அரசு ஈடுகட்ட வேண்டும். 1961இல் அது சட்டமாகவே ஆனது.

தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நிதியிலிருந்து ஈடு கொடுக்க, அமெரிக்காவில் 1986இல் சட்டம் போட்டார்கள். யாருடைய தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எந்த ஊசிக்குப் பின் எந்தப் பாதிப்பு எத்தனை நாளில் வரும் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி போட்ட 3 நாள் முதல் 42 நாளுக்குள் கில்லன்-பாரே வந்து, வேறு காரணமும் தெரியாவிட்டால், ஊசியால் வந்ததென்றே எடுத்துக்கொள்கிறார்கள். இவருக்குப் பத்தாம் நாள் கால் மரத்தது, இல்லையா? வழக்கு தோற்றாலும், நியாயமான அடிப்படையோடு போட்டதாக இருந்தால், வக்கீல் கட்டணத்தை அந்த நிதியே கொடுக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. ஊசி போட்டுக்கொள்கிற எல்லோரும் சேர்ந்து, அடிபட்டவரைத் தாங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிரிட்டனில் உள்ள ஏற்பாடு என் மனதுக்கு ஒப்பவில்லை. 60 சதவீத ஊனம் இருந்தால் 1,20,000 பவுண்டு. அதற்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. 55 சதவீதக்காரர் யாரிடம் போவார்? நடக்க முடிகிறது, ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை என்பவரை ஒரு எண் வெளியே தள்ளிவிடுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் நாட்டு விதி எதுவானாலும் கெடுவை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் முதல் அறிகுறியிலிருந்து மூன்று வருடம். கோவிட் ஊசிக்குத் தனித் திட்டம், அதில் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான். படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு வருடம் எப்படி ஓடும் என்று உனக்கே தெரியும். ஊசியின் பேட்ச் எண், டிஸ்சார்ஜ் சம்மரி, நரம்புப் பரிசோதனை அறிக்கை, மருந்துக்கடை ரசீது, எதையும் தூக்கிப்போட விடாதே.

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எனக்கு அனுப்பு. தேதிவாரியாக நான் அடுக்கி எழுதித் தருகிறேன். அப்புறம், அவரிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. சாயங்காலம் எத்தனை மணிக்கு விழித்திருப்பார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
முரளி