டீக்கடை அக்காவின் பற்று நோட்டுக்கு நன்றி

சைட்டில் வேலை செய்யும்போது விபத்தில் அடிபட்ட, கம்பி கட்டும் நம் தம்பியின் இழப்பீட்டு வழக்கில் உத்தரவு நகல் கைக்கு வந்துவிட்டது. அவருக்காக ஓடியாடிய எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. முதல் வணக்கம், சைட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

இப்படிப்பட்ட வழக்குகளில் ஒப்பந்ததாரர் எடுத்த எடுப்பில் சொல்வது, "இவர் எங்க ஆளே இல்லை". மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. கூலியைக் கையில் கொடுத்திருப்பார்கள். வேலை பார்த்ததை நிரூபிக்காவிட்டால், ஒப்பந்ததாரரின் ஆளுக்கு, அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியும் பொறுப்பு என்ற, 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைத் தொட்டிருக்கவே முடியாது. அக்காவின் நோட்டில் தேதிவாரியாகத் தம்பி பெயர், பக்கத்திலேயே 'கம்பி', இரண்டு டீ, ஒரு வடை. சனிக்கிழமைதோறும் கணக்கு தீர்த்த இடத்தில் மேஸ்திரியின் கையெழுத்து.

ஜெராக்ஸ் போதாது, அசல் வேண்டும் என்றோம். வரவேண்டிய பாக்கியெல்லாம் அதில்தான் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் புது நோட்டில் எழுதிக்கொண்டு, பழையதை எங்களிடம் நீட்டிவிட்டார். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. கடையை மூடிவிட்டு, வழக்கை விசாரித்த தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் சாட்சியும் சொன்னார். "இப்போ எழுதினதுதானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, மூன்று தாள் தாண்டி ஊறியிருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார்.

ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) எடுத்துத் தந்தவர், கூடவே வேலை செய்து சாட்சி சொன்னவர்கள், வழக்கறிஞர், 'சாரம் ஏற முடியாது, குந்தி உட்கார்ந்து கம்பி கட்ட முடியாது' என்று சான்றிதழில் எழுதிய மருத்துவர், அனைவருக்கும் நன்றி. மருத்துவரின் அந்த ஒரு வரி பெரிய உதவி. ஊன சதவீதத்தோடு நிற்காமல் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்க்க வைத்தது அதுதான். கையிழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 1975லேயே ஏற்றிருக்கிறது.

விபத்தின்போது நடப்பில் இருந்த 1923 சட்டப்படி, திறன் முழுதும் போனதாக வைத்துக் கணக்கு: மாதச் சம்பள உச்சவரம்பு 15,000, அதில் 60 சதவீதம் 9,000, 30 வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராததால் 12 சதவீத வட்டி தனி.

இனி சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு சைட்டிலும் கூலிக் கணக்கைப் போனில் படம் எடுத்து வைப்போம். மேல்முறையீட்டுக்கான 60 நாள் முடிந்ததும் மனு போட்டு நோட்டைத் திரும்ப வாங்கி, அக்கா கையிலேயே கொடுப்போம்.