‘ஏமாற்றிய பருவம்’ என்று சொன்ன நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாம்பா, புளோரிடா
டிசம்பர் 2025

அட்லாண்டிக் புயல்களை என்னோடு சேர்ந்து ஆண்டுதோறும் பின்தொடரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 30ஆம் தேதியோடு இவ்வாண்டின் புயல் பருவம் முறைப்படி முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை நாம் கூடி உண்டபோது, உங்களில் மூவர் வெவ்வேறு சொற்களில் ஒரே குறையைச் சொன்னீர்கள். பருவம் ஏமாற்றிவிட்டது, ஆறு மாதம் கண்விழித்ததற்குப் பலன் இல்லை, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட ஒரு புயலுக்கு மனம் வரவில்லை என்றீர்கள். அங்கேயே மறுத்திருக்க வேண்டும். உணவு வேளையில் வாதம் வேண்டாம் என்று சாம்பாரின் பக்கம் திரும்பிவிட்டேன். அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன்.

உங்களைவிட நான் மேலானவன் என்று காட்டுவதற்காக எழுதவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கடலூர்ப் பகுதியில் கரையைக் கடந்தபோது நான் பண்ருட்டியில் இருந்தேன். பலா மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்த தோப்பில், பாட்டன் காலத்து மரம் போயிற்றே என்று என் தந்தையார் வாய்விட்டு அழுதார். காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறியது என்று விழுந்த மரங்களின் கிடப்பைப் பார்த்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பித்து எப்படிப்பட்டது என்பதை அறிந்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

முதலில் கணக்கை நேர்செய்துகொள்வோம். அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் மே மாதத்தில் வெளியிட்ட முன்கணிப்பு, பெயரிடப்படும் புயல்கள் 13 முதல் 19 வரை, அவற்றில் மணிக்கு 74 மைல் காற்றை எட்டும் சூறாவளிகள் 6 முதல் 10 வரை, மூன்றாம் வகையும் அதற்கு மேலுமான கடும் சூறாவளிகள் 3 முதல் 5 வரை இருக்கலாம் என்றது. வந்தவை 13 புயல்கள். அவற்றில் 5 சூறாவளிகள். அந்த ஐந்தில் நான்கு கடும் சூறாவளிகள். எரின், ஹம்பர்ட்டோ, மெலிசா ஆகிய மூன்றும், சூறாவளிகளைக் காற்று வேகப்படி ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கும் அளவுகோலில் உச்சமான ஐந்தாம் வகையைத் தொட்டன. ஒவ்வொரு புயலின் காற்று வேகத்தையும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டி வரும் ஆற்றல் குறியீட்டை நாம் வேதவாக்காகக் கொள்கிறோம் அல்லவா? அந்தக் குறியீட்டின்படியும் இவ்வாண்டு சராசரிக்குச் சற்று மேலேயே நிற்கிறது. ஆகவே ‘அமைதியான பருவம்’ என்று நீங்கள் சொல்வதன் பொருள் ஒன்றுதான்: 2015க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்காவில் எந்தச் சூறாவளியும் கரையேறவில்லை. நம் வாசலுக்கு வராததை, கடலுக்கே வரவில்லை என்று எழுதிக்கொண்டோம்.

அமெரிக்கக் கரைக்குள்ளும் அது அமைதியாக இல்லை. ஜூன் இறுதியில் மெக்சிகோவில் கரையேறி ஓரிரு நாளில் கரைந்துபோன பாரி என்ற சிறு புயலை, ‘இதெல்லாம் ஒரு புயலா’ என்று நாம் எள்ளி ஒதுக்கினோம். அதன் எச்சமாக வடக்கே நகர்ந்த ஈரம், ஜூலை 4 அன்று டெக்சாசின் மலைப்பகுதியில் கொட்டிய மழைக்குத் துணையாயிற்று. குவாடலூப் ஆறு இரவோடு இரவாக உயர்ந்த அந்த வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டம்பர் இறுதியில் ஹம்பர்ட்டோவும் இமெல்டாவும் கரைக்கு வராமலே அனுப்பிய அலைகளில், வட கரோலினாவின் பக்ஸ்டன் ஊரில் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் சரிந்தன. அக்டோபர் 28 அன்று மெலிசா ஜமைக்காவைத் தாக்கியது. அந்தத் தீவின் பதிவுகளில் அதைப்போல் கடுமையான புயல் வேறில்லை. அன்று முற்பகல் நம்மில் பலர் செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கண்ணின் வட்டத்தைப் பார்த்து ‘என்ன அழகு’ என்றோம். நானும் சொன்னேன். அது அழகாகத்தான் இருந்தது, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அதே ஆண்டை ‘ஏமாற்றியது’ என்று ஒரு ஜமைக்காக்காரர் காதுபட நம்மால் சொல்ல முடியுமா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். நமது பருவம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக, இங்குள்ள அளவுகோலில் சூறாவளி என்ற வகைக்கே எட்டாத டிட்வா புயல் இலங்கையின் மலையகத்தைச் சரித்து 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மண்ணில் புதைந்தவர்களைக் காற்று வேகத்தின் வர்க்கத்தை வைத்துக் கணக்கிட முடியாது.

இனி, என்னை இந்த மடலை எழுதவைத்த காரணத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் இறுதியில் ஃபெர்னாண்ட் கரைந்த பிறகு செப்டம்பர் 17 அன்று கேப்ரியல் உருவாகும் வரை, பருவத்தின் உச்சம் என்று எல்லோரும் குறித்துவைத்திருக்கும் செப்டம்பர் 10 உட்பட, அட்லாண்டிக்கில் பெயர் சொல்ல ஒரு புயல் இல்லை. அந்த நாள்களில் நாம் என்ன செய்தோம்? மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தின் வரைபடத்தில் மஞ்சள் நிறக் கட்டம்கூட இல்லாதபோது, கணினியில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடி வானிலையை முன்கணிக்கும் அமெரிக்க மாதிரியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினோம். அந்த மாதிரி பதினாறு நாள் வரை படம் வரையும். பத்து நாளுக்கு அப்பால் அது வரைவது பெரும்பாலும் கற்பனை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், மெக்சிகோ வளைகுடாவில் செக்கச்சிவந்த ஒரு சுழலைக் கண்டவுடன் கை பரபரக்கிறது.

என் கை பரபரத்தது. அப்படி ஒரு படத்தை, ‘சும்மா பாருங்கள்’ என்ற இரண்டே சொற்களோடு தெரிந்தவர்கள் நால்வருக்கு அனுப்பினேன். அடுத்த ஓட்டத்தில் அந்தப் புயல் காணாமல் போயிற்று. அதை யாருக்கும் அனுப்பத் தோன்றவில்லை. அனுப்பிய படம் கைமாறி, மகள் வீட்டில் தங்க மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன நேரத்தில் அவர் குளியல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளையிட்டுவிட்டு, ஒன்பது நாள் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்திருக்கிறார். பத்தாம் நாள் பூங்காவில் என்னைக் கண்டதும், “தம்பி, நீங்க சொன்ன புயல் எப்ப வருதுங்க? தண்ணிய மாத்தணுமா, இல்ல அதே இருக்கட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புயல் வர வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதைக் குற்றமாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஆசைக்காகக் காற்றின் வேகம் மணிக்கு ஒரு கடல் மைல்கூட ஏறப்போவதில்லை. சலிப்பில் நாம் செய்கிற வேலைதான் குற்றம். இன்று இல்லாத புயலை அனுப்பிவைத்தால், நாளை உண்மையான எச்சரிக்கை வரும்போது அந்தப் பெரியவர் தொட்டியை நிரப்ப மாட்டார். சென்ற ஆண்டு செப்டம்பர் தொடக்கத்திலும் இப்படித்தான் கடல் ஓய்ந்து கிடந்தது. 23 புயல்கள் என்று முன்கணித்த கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரை நாம் கேலி செய்து முடிப்பதற்குள் ஹெலீன் வந்து 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது, இரண்டு வாரத்தில் மில்டன் நம் கூரைகளுக்கு மேலேயே வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே இரவில் 18 அங்குல மழை. ஓய்வுக் காலத்தை வைத்துப் பருவத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு நமக்கு இதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை.

வராத புயலைப் படிப்பதற்கும் நாம் பழக வேண்டும். இவ்வாண்டு செப்டம்பரில் கடல்நீர் சூடாகவே இருந்தது. ஆனாலும் வறண்ட காற்று நடுவே புகுந்து மேகம் உயர்வதைத் தடுத்தது, மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேறு வேறு பக்கம் இழுத்ததால் தலைதூக்கிய சுழல்கள் சிதறின. பிறகு இமெல்டா கரோலினாக் கரைக்கு நேராக வரும்போல் இருந்தபோது, கிழக்கே நின்ற ஹம்பர்ட்டோ அதைத் தன் பக்கம் இழுத்துக் கடலுக்குள் திருப்பிவிட்டது. இரண்டு புயல்கள் இப்படி ஒன்றின் வழியை ஒன்று மாற்றுவதைக் கண்ணெதிரே காணும் வாய்ப்பு வாழ்நாளில் எத்தனை முறை வரும்? அந்த வாரத்தையே ‘தப்பிப் போச்சு’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டோம்.

ஒரு வேண்டுகோள் உண்டு. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஊரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை கொட்ட, மறு பக்கம் அதில் ஒரு சிறு பங்கே பெய்தது. வெள்ளத்தில் ஐவர் இறந்தனர். அதன் பிறகு அங்குள்ள வானிலையாளர்கள் 1998இல் தொடங்கியதுதான் ‘கோகோராஸ்’ என்ற தன்னார்வ மழை அளவீட்டு அமைப்பு. நான்கு அங்குல வாய் கொண்ட ஒரு பிளாஸ்டிக் மழைமானியைத் திறந்த வெளியில் நட்டு, காலை ஏழு மணி வாக்கில் அதன் உட்குழாயில் நீர் நிற்கும் அளவை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு வரை படித்துப் பதிய வேண்டும். மழை இல்லாத நாளில் சுழியம் என்று பதிய வேண்டும் என்பது அங்குள்ள முக்கிய விதி. வெற்றிடமாக விட்டால், மழை பெய்யவில்லை என்று ஆகாது. அன்று யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். நான் தொடங்கியது செப்டம்பர் பாதியில், பெரியவரைப் பூங்காவில் பார்த்த வாரத்தில். அந்த மாதத்தில் நான் பதிந்தவற்றில் சுழியங்கள்தான் மிகுதி. கடல்காற்று கிளப்பிய ஒரு மாலை இடிமழையில் என் வீட்டில் 2.14 அங்குலமும், தெருமுனையில் புழுதிகூட அடங்காமலும் இருந்ததை எந்த வானிலை மாதிரியும் எனக்குக் காட்டவில்லை.

அடுத்த பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன் உங்களில் ஒவ்வொருவர் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு மழைமானி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இரண்டு உபரியாக இருக்கின்றன. முதலில் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். ஓக் மரத்தடியில் மட்டும் நடாதீர்கள்; இலை விழுந்து புனல் அடைத்துக்கொள்ளும், நின்ற நீரில் கொசு முட்டையிடும், வீட்டில் உள்ளவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்